பிள்ளையின் கைவேலை பிள்ளையிடமே இருக்கட்டும்

ஆவணி பிறந்தால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடுகிறது. கிருஷ்ண ஜயந்தி, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, குழந்தைகள் தினம், கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தை வரைக்கும் வரிசையாகப் பண்டிகைகள். பண்டிகை வந்தால் சந்தோஷம்தான். கலக்கம் எதனால் என்றால், ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறதே ஒரு செய்தி, அதனால். ‘நாளை எல்கேஜி, யூகேஜி பிள்ளைகள் அனைவரும் கிருஷ்ணர், ராதை வேடத்தில் வர வேண்டும். வீட்டில் கையால் அலங்கரித்த உறியடிப் பானை ஒன்று கொண்டு வரவும். சிறந்த பானைக்குப் பரிசு உண்டு.’ மணி ஒன்பதே முக்கால். யூகேஜி படிக்கிற பிள்ளை தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்படியென்றால் அந்தப் பானையை அலங்கரிக்கப் போவது யார்? செய்தி அனுப்பியவருக்கும் தெரியும், படிக்கிற எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கட்டைவிரல் குறியாகப் போட்டு நிரப்பிவிட்டு எல்லோரும் கடைக்கு ஓடுகிறோம்.

எங்கள் தெருமுனை ஸ்டேஷனரி கடையில் அந்த நேரத்துக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காத அப்பாக்கள், நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்த அம்மாக்கள். “அண்ணாச்சி, குட்டிப் பானை இருக்கா?” “சாயங்காலமே தீந்துபோச்சும்மா. லேஸ் ஒட்டி ரெடியா வச்சது இருக்கு, தரட்டா?” ஒட்டிவைத்த பானையை வாங்கிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய்விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்கு மேல் பசையும் கண்ணாடிச் சில்லுமாக யாரால் உட்கார முடியும்?

மறுநாள் பள்ளி வராந்தாவில் நீள மேசை போட்டுப் பானைகளை வைத்திருந்தார்கள். தங்க லேஸ், கண்ணாடி, முத்து, மயிலிறகு. எல்லாம் ஒரே கச்சிதம். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பானையில் மட்டும் சிவப்பு போஸ்டர் கலர் விரல்விரலாக அப்பியிருந்தது. கழுத்துப் பக்கம் வர்ணம் வழிந்து காய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. பார்த்தவுடனே தெரிந்தது, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து செய்திருக்கிறது என்று. அந்தப் பானையை மேசையின் கடைசியில், சுவரை ஒட்டி, மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். பரிசு வேறு பானைக்குப் போயிற்று. ஒரு மிஸ் பிள்ளைகளிடம் ஆசையாக, “இதெல்லாம் யாரு செஞ்சா?” என்று கேட்டார். “எங்கம்மா”, “எங்கப்பா”, “கடையில வாங்குனோம் மிஸ்” என்று பிள்ளைகள் தயங்காமல் உண்மையைச் சொன்னார்கள். சாயங்காலம் குழுவில் படம் வந்தது. கீழே, ‘எங்கள் மழலையரின் கைவண்ணம்’ என்று போட்டிருந்தது.

எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. மேசையில் இருந்த ஒரே மழலையின் கைவண்ணம் அந்தப் படத்தில் பாதி மறைந்து நின்றது. அதைச் செய்த பிள்ளைக்கு அன்றைக்கு என்ன புரிந்திருக்கும்? தான் செய்தது சரியில்லை, அம்மா செய்து தந்திருந்தால்தான் சரி என்றுதானே? ஐந்து வயதில் ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தர வேறு பாடமே கிடைக்கவில்லையா?

பண்டிகை வேலைகளில் குழந்தைக்கென்று எப்போதுமே ஒரு பங்கு இருந்தது. அதை யாரும் ‘ஆக்டிவிட்டி’ என்று பெயர் வைத்துச் செய்யவில்லை. கிருஷ்ண ஜயந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்த மாவு ஒரு கிண்ணத்தில். பிள்ளை கையை இறுக்கி மூடிக்கொண்டு, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் ஒரு பாதம். மேலே விரல்நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். இந்தக் கை ஒருமுறை, அந்தக் கை ஒருமுறை என்று வாசலில் ஆரம்பித்துப் பூஜை அறை வரைக்கும் கண்ணன் நடந்து வந்துவிடுவான். எங்கள் பாப்பா நாலு வயதில் முதன்முதலாக ஒற்றியபோது பொட்டுகளைக் குதிகால் பக்கம் வைத்துவிட்டாள். “என்னடி, கண்ணன் வெளியே போற மாதிரில இருக்கு” என்று என் மாமியார் சொன்னார். “கடைக்குப் போயிட்டு வருவாங்க அப்பத்தா” என்றாள். அடுத்த நாலு பாதத்தை உள்பக்கமாக ஒற்றிக்காட்டினாள். கூடம் முழுக்க மாவு. துடைக்க நேரம் பிடித்தது, பிடிக்கட்டுமே. இப்போது இதே பாதங்கள் ஸ்டிக்கராகப் பாக்கெட்டில் வருகின்றன. பின்பக்கத் தாளை உரித்து ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் கண்ணன் வந்தாயிற்று. வாசலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஒட்ட வேண்டும் என்பதால் அதையும் பெரியவர்களே ஒட்டுகிறார்கள். குழந்தை நின்று பார்க்கிறது.

பிள்ளையாரும் அப்படித்தான் கையை விட்டுப் போனார். அச்சில் களிமண்ணை அமுக்கி எடுத்துத் தருவார்கள். கூடவே ஒரு உருண்டைக் களிமண்ணை வாங்கி வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு பிள்ளையார் செய்வார்கள். தொப்பைக்கு ஒரு உருண்டை, தலைக்கு ஒரு உருண்டை, தும்பிக்கைக்கு ஒரு திரி. மூன்று வயதுப் பிள்ளைக்கும் வருகிற கடவுள் அவர் ஒருவர்தான். கண்ணுக்குக் குன்றிமணி பதிப்பது வழக்கம். அதன் விதை கடும் விஷம், வாயில் போட்டுக் கடித்துவிட்டால் ஆபத்து. அதனால் நான் பாப்பாவிடம் மிளகு கொடுத்துவிடுகிறேன். மிளகுக் கண் பிள்ளையார் பார்க்க இன்னும் அழகு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரில் லேசில் கரையாது என்பதால், 2020-இல் திருத்திய நெறிமுறைகளில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அந்தச் சிலைகள் கூடாது என்று சொல்லிவிட்டது. களிமண் பிள்ளையார் வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடுவார். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். இவ்வளவு சுலபமாக இருக்கிறது, ஆனால் சென்ற வருஷம் எங்களுக்கு வந்த சுற்றறிக்கை என்ன கேட்டது தெரியுமா? ‘தெர்மாகோலில் பிள்ளையார் உருவம் வெட்டி, கிளிட்டர் ஒட்டிக் கொண்டு வரவும்.’

அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவதை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பட்டியலில் உறிஞ்சுகுழலோடும் பலூன் குச்சியோடும் அதுவும் இருக்கிறது. அதே பள்ளியில் ஜூன் 5-ஆம் தேதி சுற்றுச்சூழல் நாள் என்று பச்சைச் சட்டை போட்டுவரச் சொல்கிறார்கள். அதற்கும் புதுச் சட்டை வாங்க வேண்டியிருந்தது. தெர்மாகோலை வெட்ட பிளேடு வேண்டும். பிளேடை யூகேஜி பிள்ளை கையில் யார் தருவார்கள்? வெட்டும்போது உதிர்கிற வெள்ளை மணிகள் மூலை முடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் பெருக்கினாலும் போவதில்லை. கிளிட்டரும் அப்படித்தான், பாப்பாவின் தலைமுடியிலும் சோற்றுத் தட்டிலும் மின்னிக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகளுக்கு மண்ணைத் தொடக் கொடுக்க இவ்வளவு யோசிக்கிறவர்கள் இதை எப்படி யோசிக்காமல் கேட்கிறார்கள்?

நவராத்திரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வருத்தம் அதிகமாகிவிடும். கொலுப்படி பெரியவர்களுடையது. எந்தப் படியில் தசாவதாரம், எந்தப் படியில் மரப்பாச்சி, செட்டியார் பொம்மைக்கு முன்னால் எத்தனை கிண்ணத்தில் பருப்பு என்பதெல்லாம் அவர்கள் கவலை. படிக்குக் கீழே தரையில் இருந்ததே பார்க், அது முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். கொலுவுக்கு நாலைந்து நாள் முன்பே பழைய தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்து வைப்போம். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் கடுகு வெடித்து வெள்ளையாக ஒரு வால் விடும். கொலுவன்றைக்குப் பச்சையாக வயல் நிற்கும். உடைந்த கண்ணாடியை விளிம்பு தெரியாமல் மண்ணால் மூடினால் குளம். தீப்பெட்டிகளை அடுக்கித் துணி போர்த்தினால் பழனிமலை. செங்கல்லைப் பொடி செய்து தூவினால் ரோடு. அதில் பஸ் போகும், பஸ் ஸ்டாப்பில் சோளப்பொரி விற்கிறவர் உட்கார்ந்திருப்பார். சிமென்ட் மூட்டைத் தாளைக் கசக்கி நிறுத்தினால் அது பாறை. அந்தப் பாறையில் புலி வேண்டும் என்று தம்பி அடம்பிடிப்பான். புலிக்குப் பக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் நடக்கக் கூடாது என்று நான் மல்லுக்கு நிற்பேன். சுண்டல் வாங்க வருகிற பெரியவர்கள் மேலே இருக்கிற கொலுவைப் பார்த்துவிட்டுக் கடைசியில் குனிந்து எங்கள் பார்க்கைப் பார்ப்பார்கள். “இந்த ரயில் எங்கப்பா போகுது?” என்று கேட்பார்கள். ஒன்பது நாளும் பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்றைக்கு எத்தனை வீட்டில் அந்தத் தரை பிள்ளைகளிடம் இருக்கிறது? பெரிய பெரிய கொலுவெல்லாம் போய்ப் பார்க்கிறேன். பேட்டரியில் நீரூற்று ஓடுகிறது, பிளாஸ்டிக் புல்விரிப்பு கெட்டுப்போகாமல் பச்சையாக இருக்கிறது, முழுக் கல்யாண ஊர்வலமும் செட்டாகப் பெட்டியில் வந்திருக்கிறது. செய்நேர்த்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் போனால் மூன்று பேர் ஒரே குரலில் “தொடாதே” என்கிறார்கள். கொலுவின் ஒன்பது நாளும் ஒரு பிள்ளை அதிகம் கேட்கிற சொல் அதுவாகத்தான் இருக்கும்.

மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கிற விளாச்சேரியில் வீட்டுக்கு வீடு பொம்மை செய்கிறார்கள். ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, மார்கழிக்குக் குடில் பொம்மை என்று வருஷம் முழுக்க அவர்களுக்கு வேலை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பொம்மை வாங்கப் போனபோது, திண்ணையில் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம், வெறும் மண் ஒரு உருண்டை கிடைக்குமா என்று கேட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து, “எங்க பிள்ளைகளெல்லாம் இத உருட்டித்தாம்மா வளந்துச்சுக” என்றார். அந்த மண்ணில் பாப்பா நாய் செய்தாள், தோசைக்கல் செய்தாள், பேர் தெரியாத ஏதேதோ செய்தாள். காய்ந்து வெடித்ததும் மறுபடி நனைத்துப் பிசைந்தாள். எந்தப் பிளாஸ்டிக் செட்டும் அவளை அத்தனை நேரம் உட்காரவைத்ததில்லை.

வேடத்துக்கு வருகிறேன். மதுரைக்காரர்களுக்கு வேடம் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவில் பிள்ளைகளுக்கு மீனாட்சி வேடம் போட்டுச் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கூட்டிப் போகிற ஊர் இது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான உடுப்பைத் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின் போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வீட்டிலேயே அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினாத்தாள் ஒட்டுவதும், பச்சைத் துணியில் பஞ்சு அடைத்து மீனாட்சிக்குக் கிளி செய்வதும் இங்கே சாதாரணம். கிளிக்கு மூக்குத் தைக்கிறபோது பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு அடைக்கும். அடைத்த பஞ்சு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும், கிளிக்குத் தொப்பை வரும். யாரும் அதற்கு மதிப்பெண் போட்டதில்லை.

பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி அப்படியா நடக்கிறது? வாடகைக் கடையில் ஒரு நாளைக்கு 400 ரூபாய், அதற்கு மேல் முன்பணம். போன வாரம் எந்தப் பிள்ளை போட்டதோ, துவைத்தார்களா என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். நைலான் துணி, உள்ளே கம்பி வைத்த கிரீடம், கழுத்தில் உறுத்துகிற ஜரிகை. ஆவணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு காலை எட்டரையிலிருந்து மதியம் வரை பிள்ளை வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கிருஷ்ணருக்கு முகத்தில் நீலச் சாயம் வேறு. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் வேடத்தை அவிழ்க்க ஆள் வேண்டும், அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன் என்று பாப்பா வீட்டுக்கு வந்து சொன்னாள். கேட்ட எனக்குப் பதறிவிட்டது. என் அண்ணன் மகன் பாரதியாராகப் போனபோது அவன் தாத்தாவின் துண்டுதான் முண்டாசு, அண்ணி கண்மையில் வரைந்ததுதான் மீசை. மூன்று முறை கட்டி அவிழ்த்து முண்டாசு கட்ட அவனே கற்றுக்கொண்டான். பரிசு வரவில்லை. இன்றைக்கும் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் தாத்தாமாருக்கு முண்டாசு கட்டிவிடுவது அவன்தான்.

இதிலே பணம் இல்லாதவர்கள் நிலையை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? எங்கள் வீட்டில் வேலைக்கு உதவுகிற அக்காவின் பேரனும் இங்கே பக்கத்தில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில்தான் படிக்கிறான். வேடத்துக்கு ஒருநாள் கூலி போய்விடும் என்று அன்றைக்கு அவனை அனுப்பவில்லை. “காச்சல்னு சொல்லிட்டேன்மா” என்றார். ஒவ்வொரு பண்டிகைக்கும் எந்தெந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று ஒரு பள்ளிக்கூடம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே தரக் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் மாநிலங்களுக்கு அதையே எழுதியது, புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. யூகேஜி அதற்கும் கீழே. எழுத்து வேலையைக் குறைத்தார்கள், நல்லது. அந்த இடத்தில் இந்த ஒட்டு வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. எழுதுகிற வீட்டுப்பாடத்தையாவது பிள்ளை எழுதும். இது முழுக்க முழுக்கப் பெற்றோருக்கான வீட்டுப்பாடம்.

மிஸ்களைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் பாப்பாவின் மிஸ் தனியாக வந்து, “எங்களுக்கும் பிடிக்கலைங்க மேடம். போட்டோ அழகா வரணும்னு சொல்றாங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் போட்டோவைப் பார்த்துட்டு அட்மிஷன் போறவங்க இருக்காங்க” என்றார். அந்தப் பெண்ணுக்கும் மூன்று வயதில் பிள்ளை இருக்கிறது. அதன் பள்ளிக்கும் பானை செய்துவிட்டுத்தான் இவர் இங்கே வந்து பானைகளை அடுக்குகிறார். பெற்றோரிலும் ஒரு சாரார், போட்டி வேண்டாம் என்றதும் முகம் சுருங்கிப் போனார்கள். ராத்திரி கண்விழித்துச் செய்ததற்கு அங்கீகாரம் வேண்டாமா என்று ஓர் அப்பா கேட்டார். அவர் திறமைசாலி, ஐஸ்குச்சியில் செங்கோட்டையே கட்டியவர். அவருக்கென்று தனியாகப் போட்டி வைக்கட்டும், முதல் ஆளாகக் கைதட்டுவேன். நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டை ஏன் அதில் ஒட்ட வேண்டும்?

பிள்ளைகளால் முடியும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வயதில் தாளைக் கிழிக்கும், பசை தடவும், மண்ணை உருட்டும். நாலரை, ஐந்தில் முனை மழுங்கிய கத்தரியைப் பிடித்து நேர்கோட்டில் வெட்டப் பார்க்கும். கோடு வளையும், தாள் கிழியும், மறுபடி இன்னொரு தாள் கேட்கும். தீக்குச்சியையும் பழைய செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்துவருகிற அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொம்மை செய்யக் காசு வேண்டாம் என்று இந்த நாட்டுக்குத் தெரியாமலா இருக்கிறது? நம் அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள்ளேயே நடக்கின்றன. கட்டணம் வாங்குகிற பள்ளியில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

நான் எழுதிக் கொடுத்த கோரிக்கை ரொம்பச் சின்னது. பண்டிகை வேலை எதுவானாலும் வகுப்பில், பிள்ளைகள் கையால், இருக்கிற பொருளை வைத்து நடக்கட்டும். பரிசு வேண்டாம். வேடம் என்றால் வீட்டில் இருக்கிற துணி போதும் என்று எழுத்தில் சொல்லுங்கள், வாடகை வேடம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். செய்தியை ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோலும் சிமென்ட் தாளும் நானே கொண்டுவந்து தருகிறேன், ஆடுகளைப் பிள்ளைகள் பஞ்சில் செய்யட்டும், ஆட்டுக்கு மூன்று கால் இருந்தாலும் முன்வரிசையில் வையுங்கள். நிர்வாகத்திடம் பேசிச் சொல்கிறோம் என்றார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் கார்த்திகைக்கு, ‘வர்ணம் தீட்டிய அகல் விளக்கு ஐந்து கொண்டு வரவும்’ என்று குழுவில் வந்துவிட்டது. வர்ணம் தீட்டாத ஐந்து அகலையும், ஒரு தூரிகையையும், சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு டப்பாவையும் பாப்பாவின் பையில் வைத்து அனுப்பப் போகிறேன். டைரியில் மிஸ்ஸுக்கு ஒரு குறிப்பும் எழுதிவிட்டேன்: திரி எரிகிற மூக்கில் மட்டும் வர்ணம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றதை அவளே தீட்டிக்கொள்வாள்.